தெரிந்தவர்களை நம்பிச் சொந்தச் சட்ட அலுவலகம் திறக்கலாமா?

கேள்வி: 2025 பிப்ரவரி 4

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு நடுத்தர அளவுச் சட்ட அலுவலகத்தில் அட்டர்னியாக வேலை பார்க்கிறேன். சட்ஸ்வொர்த்தில் என் சித்தப்பாவின் கடைக்கு மேலே ஓர் அறை காலியாக இருக்கிறது. கோயிலிலும் உறவிலும் கால்பந்துக் கழகத்திலும் என்னைத் தெரியாதவர்கள் குறைவு. வீடு வாங்குபவர், விபத்தில் அடிபட்டவர், உயில் எழுத வேண்டியவர் எல்லோரும் இப்போதே என்னைத்தான் கேட்கிறார்கள். தெரிந்தவர்களை நம்பித் தொடங்கினால் முதல் ஆண்டைக் கடந்துவிடலாம், மற்ற ஏற்பாடுகளைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது என் எண்ணம். சரிதானே, அக்கா?

2025 பிப்ரவரி 4, இரவு

முதல் ஆண்டைக் கடந்துவிடுவீர்கள் தம்பி, அதில் எனக்கு ஐயம் இல்லை. "மற்ற ஏற்பாடுகளைப் பிறகு" என்பதில்தான் எனக்கு உடன்பாடு இல்லை. முன்பின் தெரியாத ஒருவர் கட்சிக்காரராக வந்தால் நாம் இயல்பாகவே எச்சரிக்கையாக இருப்போம். கையெழுத்து வாங்குவோம், முன்பணம் கேட்போம், பேசியதைக் கடிதத்தில் உறுதிப்படுத்துவோம். தெரிந்தவர் வந்து உட்கார்ந்தால் இவை அனைத்தும் மரியாதைக் குறைவாகத் தோன்றும். நீங்கள் பலம் என்று எண்ணுகிற அதே காரணத்தால் உங்களுக்கு ஏற்பாடுகள் மற்றவர்களைவிட முன்னதாகவே தேவைப்படுகின்றன.

முதல் ஏற்பாடு பெயர்ப்பலகை அன்று. 2018 நவம்பர் 1 முதல் நடைமுறையில் இருக்கும் லீகல் பிராக்டிஸ் சட்டத்தின் 84ஆம் பிரிவின்படி, சொந்தப் பொறுப்பில் தொழில் நடத்தும் அட்டர்னியிடம் ஃபைடெலிட்டி ஃபண்ட் (அட்டர்னியிடம் ஒப்படைத்த பணம் திருடுபோனால் கட்சிக்காரருக்கு ஈடு செய்யும் நிதி) தரும் சான்றிதழ் இருந்தாக வேண்டும். அது இல்லாமல் செய்த வேலைக்குக் கட்டணம் பெற முடியாது. அந்தச் சான்றிதழ் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31 அன்று காலாவதியாகிறது, அதாவது எல்லோரும் விடுமுறையில் இருக்கும் வாரத்தில். 85ஆம் பிரிவு கேட்கிற தொழில் மேலாண்மைப் பயிற்சியும் உண்டு. இப்போதைய வேலையை விடும் கடிதத்தை எழுதுவதற்கு முன்பே அந்தப் பயிற்சியில் இடம் பிடித்துவிடுங்கள்.

சித்தப்பாவின் அறைக்கும் குத்தகையை எழுத்தில் போடுங்கள். வாடகை எவ்வளவு என்பதைவிட, சாவி யார் யாரிடம் இருக்கும் என்பது முக்கியம். கட்சிக்காரர்களின் கோப்புகள் இருக்கும் அறைக்குள் கடையின் சரக்கு மூட்டைகளை வைக்க யாரும் வந்து போகக் கூடாது.

2025 பிப்ரவரி 5

டிரஸ்ட் கணக்கைப் பற்றி, அதாவது கட்சிக்காரர்களின் பணத்தை நம் பணத்தோடு கலக்காமல் வைக்கும் வங்கிக் கணக்கைப் பற்றி, நீங்கள் ஒரு வரிகூடக் கேட்கவில்லை. தென்னாப்பிரிக்காவில் தனியாகத் தொழில் நடத்தும் அட்டர்னிகள் பெயர்ப்பட்டியலிலிருந்து நீக்கப்படுவதற்கான காரணங்களைப் படித்துப் பாருங்கள்; சட்ட அறிவு போதவில்லை என்பதைவிட டிரஸ்ட் பணம் குறைந்தது என்பதே திரும்பத் திரும்ப வரும்.

விதி எளிமையானது. 86ஆம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவின்படி ஒரு பொது டிரஸ்ட் கணக்கு வைத்திருக்க வேண்டும். ஃபைடெலிட்டி ஃபண்டுடன் ஏற்பாடு செய்துகொண்ட வங்கியில்தான் அதைத் திறக்க வேண்டும். அதில் சேரும் வட்டி நமக்கும் இல்லை, கட்சிக்காரருக்கும் இல்லை, ஃபண்டுக்கே போகிறது. பெரிய தொகை நெடுநாள் இருக்கப்போகிறது என்றால், கட்சிக்காரரின் எழுத்து மூலமான அறிவுறுத்தலின் பேரில் நான்காம் உட்பிரிவின் கீழ்த் தனி முதலீட்டுக் கணக்கைத் திறக்கலாம். அந்த வட்டியில் 5 விழுக்காடு ஃபண்டுக்கும் மீதி கட்சிக்காரருக்கும் சேரும். மூத்தவர்கள் இன்றும் இதை "செவன்ட்டி எய்ட் டூ ஏ" என்று 1979ஆம் ஆண்டுப் பழைய சட்டத்தின் எண்ணால்தான் குறிப்பிடுவார்கள். விழிக்காமல் தலையாட்டிவிடுங்கள், இரண்டும் ஒன்றுதான்.

விதியைப் படிக்கும்போது எல்லோருக்கும் புரிகிறது. மாதக் கடைசியில் டிரஸ்ட் கணக்கில் நான்கு லட்சம் ராண்ட் கிடக்க, அலுவலகக் கணக்கில் ஊழியரின் சம்பளத்துக்குப் பணம் இல்லாமல் இருக்கும்போதுதான் அந்தப் புரிதல் சோதிக்கப்படுகிறது. "அடுத்த செவ்வாய்க்கிழமை ஒரு வீட்டு மாற்றம் பதிவாகிறது, அன்று என் கட்டணம் வந்துவிடும், அதுவரை மட்டும்" என்ற எண்ணம் வரும். அந்தச் செவ்வாய்க்கிழமை பதிவாகாது. நான் அறிந்த ஒருவர், வெருலம் நீதிமன்றத்தில் அவர் குறுக்கு விசாரணை செய்வதைப் பார்க்க இளையவர்கள் வந்து உட்காருவார்கள், அப்படிப்பட்டவர், இந்த ஒரே எண்ணத்தில் தொழிலை இழந்தார். பணம் அவருடைய மாமா முறை ஆகும் ஒருவருடையது. "மாமாதானே, கேட்டால் பொறுத்துக்கொள்வார்" என்று நினைத்திருக்கிறார். மாமா பொறுத்துக்கொண்டார், தணிக்கையாளர் பொறுத்துக்கொள்ளவில்லை.

எந்தக் கட்சிக்காரரின் டிரஸ்ட் பேரேடும் ஒருபோதும் பற்றில் நிற்கக் கூடாது, அதாவது அவர் பெயரில் இருப்பதைவிட அதிகம் எடுக்கப்பட்டிருக்கக் கூடாது. கட்டணம் என்பது பில் எழுதி அனுப்பிய பிறகே டிரஸ்டிலிருந்து நகர வேண்டும், அதுவும் நம் அலுவலகக் கணக்குக்கு, எந்தக் கோப்புக்கான பணம் என்று அடையாளம் தெரியும்படி நகர வேண்டும். டிரஸ்ட் பணத்தை வைத்துக்கொண்டு பெட்ரோல் நிலையத்துக்கு நேராகச் செலுத்துவது, பணம் நமக்கு உரியதாகவே இருந்தாலும், தவறு. பேரேட்டு இருப்புகளின் பட்டியலைக் குறைந்தது மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும் என்கிறது விதி. தனியாள் அலுவலகத்துக்கு அது போதாது. நான் வெள்ளிக்கிழமை பிற்பகலில் எடுக்கிறேன். வங்கி இருப்பும் பட்டியலின் கூட்டுத்தொகையும் ஒரு சதம்கூட வேறுபடாமல் இருந்தால்தான் வீட்டுக்குப் போவேன். ஆண்டு முடிந்த ஆறு மாதத்துக்குள் தணிக்கை அறிக்கை போக வேண்டும், கணக்குப் புத்தகங்கள் ஏழு ஆண்டுகள் இருக்க வேண்டும்.

காசோலை காலத்தில் கையெழுத்துப் போடும் கை சற்றுத் தயங்கும். 2020 இறுதியோடு காசோலைகள் ஒழிந்துவிட்டன. இப்போது கைப்பேசியில் இரண்டு கணக்குகளும் அடுத்தடுத்த வரியில் தெரிகின்றன. டிரஸ்ட் கணக்கை ஒரு வங்கியிலும் அலுவலகக் கணக்கை இன்னொரு வங்கியிலும் வையுங்கள்.

2025 பிப்ரவரி 8

தெரிந்தவர்களிடம் அடையாள ஆவணம் கேட்பது எப்படி என்று இருவர் தனியே கேட்டிருக்கிறார்கள். நானும் ஆரம்பத்தில் இதற்குக் கூச்சப்பட்டவள்தான். எனக்குப் பெயர் வைத்த நாளில் தொட்டிலை ஆட்டிய ஆன்ட்டி ஒருவரிடம், "உங்கள் அடையாள அட்டையும் மூன்று மாதத்துக்குள் வந்த முகவரிச் சான்றும் வேண்டும்" என்று சொன்னபோது, அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் மூன்று தலைமுறையும் விசாரிக்கப்பட்டது. ஆனால் பணமோசடியைத் தடுப்பதற்கான 2001ஆம் ஆண்டின் ஃபிக்கா சட்டத்தின் கீழ் அட்டர்னிகள் பொறுப்புள்ள நிறுவனங்கள். கட்சிக்காரர் யார், பணம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டு ஆவணப்படுத்துவது நம் கடமை. ரொக்கமாக 49,999 ராண்ட் 99 சதத்துக்கு மேல் வாங்கினால் அறிக்கை செய்ய வேண்டும். 2023 பிப்ரவரியில் நாடு, பணமோசடித் தடுப்பில் குறையுள்ள நாடுகளின் பன்னாட்டுச் சாம்பல் பட்டியலில் சேர்க்கப்பட்ட பிறகு இதில் ஆய்வுகள் கடுமையாகியிருக்கின்றன.

நான் கண்ட வழி, விதிவிலக்கே இல்லாமல் வைப்பது. என் வரவேற்பு மேசையில் ஒரு படிவம் இருக்கிறது. என் தாயார் உயில் எழுத வந்தபோது அவரும் அதை நிரப்பினார், அந்தப் படிவம் கோப்பில் இருக்கிறது. யாராவது முகம் சுளித்தால் அதை எடுத்துக் காட்டுவேன். பிறகு பேச்சு இருக்காது. (என் அம்மா மட்டும் இன்னும் அதை மறக்கவில்லை.)

பொறுப்பேற்புக் கடிதமும் அப்படியே. என்ன வேலையை ஏற்கிறோம், எதை ஏற்கவில்லை, கட்டணம் எப்படிக் கணக்கிடப்படும், 15 விழுக்காடு வாட் சேருமா, முன்பணம் எவ்வளவு, இடையில் விலகினால் என்ன ஆகும் என்பவை அதில் இருக்க வேண்டும். எதை ஏற்கவில்லை என்ற வரிக்குத்தான் நான் அதிக நேரம் செலவிடுகிறேன். விவாகரத்துக்காக வந்தவர் பேச்சோடு பேச்சாகத் தன் தம்பியின் விபத்தைப் பற்றிச் சொல்வார். நீங்கள் "பார்க்கலாம்" என்பீர்கள். அவர் நெஞ்சில் அது வழக்கை ஒப்படைத்ததாகப் பதிந்துவிடும். அன்று மாலையே, அந்த விபத்து விஷயத்தில் எனக்கு எந்த அறிவுறுத்தலும் தரப்படவில்லை, தாமதம் செய்யாமல் ஓர் அட்டர்னியைப் பாருங்கள் என்று ஒரு சிறு மின்னஞ்சல் போக வேண்டும்.

2025 பிப்ரவரி 9

"உறவினரிடம் முன்பணம் கேட்டால் ஊரில் என்ன பேசுவார்கள்?"

பேசுவார்கள். கேட்காமல் வேலை செய்துவிட்டுப் பிறகு பில் அனுப்பினால் இன்னும் அதிகம் பேசுவார்கள். இலவசமாகச் செய்ய விரும்பினால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் இலவசம் என்பதையும் கடிதத்தில் எழுதிவிடுங்கள். கட்டணம் வாங்காத வழக்கிலும் கவனக்குறைவுக்கான பொறுப்பு குறையாது.

2025 பிப்ரவரி 12

நேற்று தைப்பூசம். கோயிலில் வரிசையில் நிற்கும்போது ஒருவர், தன்னை ஒரு மினிபஸ் டாக்ஸி இடித்துவிட்டுப் போய் "ரெண்டு வருஷம் ஆகப்போகுது, இனிமேல்தான் உங்களைப் பார்க்க வரணும்" என்றார். தேங்காயும் கற்பூரமும் வைத்திருந்த தட்டை அவர் மனைவியிடம் கொடுக்கச் சொல்லிவிட்டு, தேதியைக் கேட்டேன். இன்று காலை எட்டு மணிக்கு என் அலுவலகத்தில் இருந்தார். அவரிடம் மிச்சமிருப்பது சில வாரங்களே.

டிரஸ்ட் பணத்துக்கு அடுத்தபடி, வழக்குத் தொடரச் சட்டம் வைக்கும் காலவரம்புதான் நம் தொழிலின் இரண்டாவது கொலைகாரன். இதில் பொதுவாக மூன்று ஆண்டு என்று மனத்தில் வைத்திருப்பது ஆபத்தான அரை அறிவு. 1969ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி சாதாரணக் கடனுக்கு மூன்று ஆண்டு என்பது உண்மை. சாலை விபத்துக்கு இழப்பீடு தரும் அரசு நிதியான ரோட் ஆக்சிடன்ட் ஃபண்டிடம், வண்டியோ ஓட்டுநரோ அடையாளம் தெரிந்திருந்தால் மூன்று ஆண்டுக்குள் கோரிக்கை போக வேண்டும். இடித்துவிட்டு ஓடிய வண்டி யாருடையது என்றே தெரியவில்லை என்றால் இரண்டே ஆண்டு. உரிய காலத்தில் கோரிக்கை கொடுத்த பிறகு, விபத்து நடந்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுக்குள் சம்மன் ஃபண்டிடம் சேர்ப்பிக்கப்பட வேண்டும். காவல் துறைமீதோ மாகாணச் சுகாதாரத் துறைமீதோ நகராட்சிமீதோ இழப்பீடு கேட்பதாக இருந்தால் 2002ஆம் ஆண்டின் 40ஆம் எண் சட்டப்படி ஆறு மாதத்துக்குள் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். தவறினால் நீதிமன்றத்திடம் மன்னிப்புக் கோரி மனுப் போடலாம், ஆனால் அந்த மனுவின் செலவைக் கட்சிக்காரரிடம் கேட்க உங்களுக்கு முகம் இருக்காது. நியாயமற்ற பணிநீக்கம் என்றால், தொழில் தகராறுகளைத் தீர்க்கும் அமைப்பான சிசிஎம்ஏவுக்கு 30 நாள்.

இவற்றையெல்லாம் ஒருவர் தலையில் வைத்துக்கொள்ள முடியாது, வைத்துக்கொள்ளவும் கூடாது. கோப்பைத் திறக்கும் நாளிலேயே கடைசித் தேதி கோப்பின் முன் அட்டையில் சிவப்பு மையில் எழுதப்பட வேண்டும். அதே தேதியும், அதற்கு ஆறு மாதம் முன், மூன்று மாதம் முன், ஒரு மாதம் முன் ஆகிய தேதிகளும் காகித டைரியிலும் கணினியிலும் ஏற வேண்டும். அட்டர்னிகளின் தவறுகளுக்கான இழப்பீட்டுக் காப்பீட்டு நிதி நடத்தும் பிரிஸ்கிரிப்ஷன் அலர்ட் (காலவரம்பு நினைவூட்டல்) என்ற இலவசச் சேவை இருக்கிறது. உங்கள் வழக்கின் தேதியைப் பதிந்தால் அவர்களும் நினைவூட்டுவார்கள். வெட்கப்படாமல் பதிந்துகொள்ளுங்கள். தனியாகத் தொழில் நடத்துபவருக்குப் பக்கத்து மேசையில் கேட்க ஆள் இல்லை.

தேதியைக் கட்சிக்காரர் சொன்னபடி எழுதாதீர்கள் என்பதையும் சேர்க்கிறேன். அவர் "தீபாவளிக்கு முந்தின வாரம்" என்பார், எந்த ஆண்டுத் தீபாவளி என்பதில் வீட்டில் மூன்று கருத்து இருக்கும். விபத்து அறிக்கையையும் மருத்துவமனைப் பதிவையும் பார்த்த பிறகே தேதியை முடிவு செய்யுங்கள். பார்க்கும் வரை, சொல்லப்பட்டவற்றில் மிகப் பழைய தேதியையே எடுத்துக்கொள்ளுங்கள்.

2025 பிப்ரவரி 13

"பிள்ளைகளுக்குப் பதினெட்டு வயது வரை காலவரம்பு ஓடாது அல்லவா?" என்று ஒரு கேள்வி வந்ததால் நேற்றைய குறிப்பை விரிக்க வேண்டியிருக்கிறது. அடையாளம் தெரிந்த வண்டி என்றால் காலவரம்பு ஓடாது. அடையாளம் தெரியாத வண்டி என்றால், அடிபட்டது ஆறு வயதுக் குழந்தையாக இருந்தாலும், அதே இரண்டு ஆண்டுதான். "பையன் வளரட்டும், அவசரம் இல்லை" என்று தாத்தா சொல்லும் வழக்குகள் அனைத்திலும், இடித்த வண்டியின் எண் போலீஸ் கோப்பில் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள்.

2025 பிப்ரவரி 23

சட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் சின்ன அலுவலகத்துக்கு நிலையாக வரும் வேலை, பெற்றோர் இறந்தபின் அவர்களுடைய வீட்டை என்ன செய்வது என்பதுதான். இறந்தவரின் சொத்தை நிர்வகிப்பவருக்குரிய 3.5 விழுக்காடு ஊதியம் சிறியதாகத் தெரியும், ஆனால் மொத்தச் சொத்து மதிப்பின் மேல் என்பதால் பாதகம் இல்லை. இறந்தவரின் சொத்து 2,50,000 ராண்டுக்குக் குறைவாக இருந்தால் முழு நடைமுறையும் இல்லாமல், இறந்தவர்களின் சொத்து விவகாரங்களை மேற்பார்க்கும் மாஸ்டர் அலுவலகத்தின் அதிகாரக் கடிதத்தோடு முடித்துவிடலாம்.

இங்கே தெரிந்தவர் என்ற பிரச்சினை வேறு உருவம் எடுக்கிறது. அண்ணன், தங்கை, கடைசித் தம்பி, அவர்கள் குடும்பங்கள் என எட்டுப் பேர் ஒன்றாக வந்து உட்காருவார்கள். எல்லோரும் உங்களைத் "தம்பி" என்பார்கள். எல்லோரும் ஒற்றுமையாகத்தான் இருப்பதாகச் சொல்வார்கள். அந்த எட்டுப் பேரில் உங்கள் கட்சிக்காரர் யார் என்று அன்றே தீர்மானித்து மற்றவர்களுக்கு எழுதிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்கட்டில் குடியிருக்கும் தம்பி வெளியேற மறுக்கும் நாளில், அவர் உங்களிடம் நம்பிக்கையாகச் சொன்னதையெல்லாம் வைத்துக்கொண்டு நீங்கள் அவருக்கு எதிராக நிற்க நேரிடும். அப்போது இரு தரப்பையும் விட்டு விலகுவதைத் தவிர வழியில்லை, கட்டணமும் போய்விடும், திருமண அழைப்புகளும் நின்றுவிடும்.

கோயிலில் தாலி கட்டிப் பதிவு செய்யாத தம்பதியர் நம் பகுதியில் பழைய தலைமுறையில் ஏராளம். உயில் இல்லாமல் கணவர் இறந்தால், மனைவி வாழ்க்கைத் துணை அல்லர் என்று கணவரின் உடன்பிறந்தோர் வாதிடுவதைக் கேட்டிருப்பீர்கள். ஒருதார இந்து முறைத் திருமணத்தில் வாழ்ந்த மனைவியும் உயிலற்ற வாரிசுச் சட்டத்தின் பொருளில் வாழ்க்கைத் துணையே என்று டர்பன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. 2009ஆம் ஆண்டுச் சட்ட அறிக்கைகளில் அது உள்ளது. அந்தப் பக்கங்களைப் பிரதி எடுத்து மேசை இழுப்பறையில் வைத்திருக்கிறேன். மாஸ்டர் அலுவலகத்துக்குப் போகும் கோப்பில் திருமணப் புகைப்படம், புரோகிதரின் வாக்குமூலம், இரு குடும்பத்தின் மூத்தவர்களின் வாக்குமூலம் ஆகியவற்றைச் சேர்த்துவிட்டால் பாதிச் சண்டை நீதிமன்றத்துக்கு வெளியே முடிந்துவிடும். மூத்தவர்கள் உயிரோடு இருக்கும்போதே அவற்றை வாங்குங்கள்.

2025 மார்ச் 2

விபத்து வழக்குகளைக் கொண்டுவந்து தருவதாக இழுவை வண்டிக்காரரோ, ஈமச்சடங்கு நடத்துபவரோ, மருத்துவமனை ஊழியரோ உங்களிடம் வருவார்கள். அவர்களும் தெரிந்தவர்களாகவே இருப்பார்கள். ஒரு வழக்குக்கு இவ்வளவு என்று கேட்பார்கள். வழக்கறிஞர்களை ஒழுங்குபடுத்தும் லீகல் பிராக்டிஸ் கவுன்சிலின் நடத்தை விதிகளில் இது தடை செய்யப்பட்டது. வழக்கறிஞர் அல்லாதவரோடு கட்டணத்தைப் பங்கிடுவதும் தடை. வருகிறவரிடம் நல்லபடியாகப் பேசி அனுப்புங்கள், தேநீர் கொடுங்கள், பணம் கொடுக்காதீர்கள்.

வெற்றி பெற்றால் மட்டும் கட்டணம் என்ற ஒப்பந்தத்துக்கும் 1997ஆம் ஆண்டின் 66ஆம் எண் சட்டம் வரையறை வைத்திருக்கிறது: வழக்கமான கட்டணத்தின் இரு மடங்குக்கு மேல் போகக் கூடாது, பண வழக்குகளில் அது கிடைத்த தொகையின் 25 விழுக்காட்டையும் தாண்டக் கூடாது. எது குறைவோ அதுதான். "இருபத்தைந்து எனக்கு" என்று எளிதாகப் பேசி முடிக்கிறார்கள். வழக்கமான கட்டணம் எவ்வளவு என்று காட்ட நேரப் பதிவு இல்லாவிட்டால் அந்த இருபத்தைந்து நிற்காது. இந்தச் சட்டத்துக்கு வெளியே செய்யப்படும் விழுக்காட்டு ஒப்பந்தம் செல்லாது என்பதில் 2014இல் அரசியலமைப்பு நீதிமன்றம் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. கட்சிக்காரர் கையெழுத்திட்ட 14 நாளுக்குள் பின்வாங்கலாம் என்பதை அவருக்குப் புரியும் மொழியில் சொல்லுங்கள். அந்த மொழி பல நேரம் ஜூலுவாக இருக்கும்.

2025 மார்ச் 3

மொழி என்றதும் முதல் ஊழியர் யார் என்ற கேள்விக்கு வருகிறேன். 1894இல் காந்தி டர்பனில் தொழில் தொடங்கிய சில மாதங்களில், முதலாளியிடம் அடிபட்டுப் பல் உடைந்த பாலசுந்தரம் என்ற ஒப்பந்தத் தொழிலாளி அவரிடம் வந்தார். காந்திக்கு அவர் கதையை எடுத்துச் சொன்னது அலுவலகத்தில் இருந்த தமிழ் எழுத்தரே. பாலசுந்தரத்தை வேறு முதலாளியிடம் மாற்றிவிடும் அளவுக்கு அந்த வழக்கு முடிந்தது. ஒப்பந்தத் தொழிலாளர்கள் காந்தியின் அலுவலகத்தைத் தேடி வரத் தொடங்கியதும் அதன் பிறகுதான். இன்று சட்ஸ்வொர்த்தில் அந்த எழுத்தரின் இடத்தில் ஜூலுவும் ஆங்கிலமும் தடையில்லாமல் பேசி, கேட்டதைத் தெளிவாக எழுதும் ஒருவர் வேண்டும். அந்த வேலைக்கு உறவுக்காரப் பெண்ணை வைக்கலாமா என்றால் வைக்கலாம். ஆனால் டிரஸ்ட் கணக்கில் பணம் அனுப்பும் கடவுச்சொல்லை அவருக்கும் தராதீர்கள். ஊழியர் திருடினால் ஃபைடெலிட்டி ஃபண்ட் கட்சிக்காரருக்கு ஈடு செய்யலாம். உங்களிடமிருந்து அதைத் திரும்பக் கேட்கும்.

2025 மார்ச் 16

வீடு வாங்கும் கட்சிக்காரர் ஒருவர் நேற்று என்னைத் தொலைபேசியில் அழைத்து, "அக்கா, உங்கள் வங்கி மாறிவிட்டதா?" என்று கேட்டார். மாறவில்லை. என் பெயரில் வந்த மின்னஞ்சலில் என் கடிதத் தலைப்பும் கையெழுத்தும் அப்படியே இருந்தன, கணக்கு எண் மட்டும் வேறு. என் பொறுப்பேற்புக் கடிதத்தின் முதல் பக்கத்தில் ஒரு கட்டத்துக்குள், "எங்கள் வங்கி விவரம் ஒருபோதும் மின்னஞ்சலில் மாற்றப்படாது, பணம் அனுப்பும் முன் இந்த எண்ணில் அழையுங்கள்" என்று இருக்கிறது. அவர் அதைப் படித்திருந்தார்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய சட்ட நிறுவனத்தின் சொத்து மாற்றத்தில் இதே போன்ற மோசடியில் வீடு வாங்கியவர் 55 லட்சம் ராண்டை இழந்தார். 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம் நிறுவனமே பொறுப்பு என்றது. 2024 ஜூனில் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. வாங்கியவர் அந்த நிறுவனத்தின் கட்சிக்காரர் அல்லர், தன்னைக் காத்துக்கொள்ள அவருக்கு வழி இருந்தது என்பவை காரணங்களில் அடங்கும். இதைப் படித்துவிட்டு நிம்மதியடையாதீர்கள். பணம் இழந்தவர் உங்கள் சொந்தக் கட்சிக்காரராக இருந்தால், அல்லது மோசடி மின்னஞ்சலை நம்பி டிரஸ்டிலிருந்து நீங்களே அனுப்பியிருந்தால், வாதம் வேறு. நமது அடிப்படைக் காப்பீடு 2016 ஜூலையிலிருந்து இணையக் குற்ற இழப்பை ஏற்பதில்லை. அதற்குத் தனிக் காப்பீடு வாங்க வேண்டும்.

நீங்கள் அனுப்பும் பக்கத்திலும் அதே விதிதான். விற்றவர் மாமாவே ஆனாலும், அவர் வாட்ஸாப்பில் அனுப்பிய கணக்கு எண்ணை அவர் குரலில் கேட்டு உறுதி செய்த பிறகே பணம் போக வேண்டும். அழைத்தவர் யார், எந்த எண், எத்தனை மணி என்று கோப்பில் ஒரு குறிப்பு.

2025 மார்ச் 17

டிரஸ்டுக்கு ஒன்று, அலுவலகத்துக்கு ஒன்று என்ற இரு வங்கி யோசனையை இருவர் மறுத்திருக்கிறார்கள்: கட்டணம் அலுவலகக் கணக்குக்கு வந்து சேர ஒரு நாள் கூடுகிறது, இரண்டு கடவுச்சொல், இரண்டு மாதக் கட்டணம். உண்மைதான். அவர்கள் அலுவலகத்தில் கணக்கைத் தனியாகப் பார்க்க ஆள் இருக்கிறார், அங்கே ஒரே வங்கி போதும். கைப்பேசியும் கையும் ஒருவருடையதாகவே இருக்கும் இடத்துக்கு என் யோசனையை வைத்துக்கொள்கிறேன். அந்த ஒரு நாள் தாமதத்தை நான் ஒரு வசதியாகவே கருதுகிறேன்.

2025 ஏப்ரல் 5

பணவரவைப் பற்றிச் சுருக்கமாக. விபத்து வழக்கின் பணம் ஆண்டுகள் கழித்து வரும். சொத்து மாற்றத்தின் கட்டணம் பீட்டர்மரிட்ஸ்பர்க் பதிவகத்தில் பதிவான பிறகே வரும். அதற்கு முன் டர்பனின் எதெக்வினி நகராட்சியின் வரிச் சான்றுக்காகக் காத்திருக்க வேண்டும், அந்த மாற்ற வேலையையும் சொத்து மாற்றத்துக்கெனத் தனித் தேர்வு எழுதித் தேறியிருந்தால்தான் நீங்களே செய்ய முடியும், இல்லாவிட்டால் தேறிய ஒருவருக்கு அனுப்ப வேண்டும். முன்பணத்தோடு வருபவை விவாகரத்தும் ஜாமீன் மனுவும் மாஜிஸ்திரேட் நீதிமன்ற வழக்குகளுமே. அவற்றை மட்டம் என்று நினைக்கும் இளையவர்கள் ஆறாவது மாதத்தில் மறுபடியும் வேலை தேடுகிறார்கள். 20,000 ராண்டுக்கு உட்பட்ட கடனுக்காக வருபவரைச் சிறு வழக்கு நீதிமன்றத்துக்கு வழிகாட்டி அனுப்பிவிடுங்கள். அங்கே நாம் வாதாட முடியாது, ஆனால் அவர் பிறகு உயில் எழுத உங்களிடம்தான் வருவார்.

தெரிந்தவர்களே இல்லாமல் தொடங்குவது எப்படி என்று ஒரு பெண் கேட்டிருக்கிறார். கிளேர்வுட் பேருந்து ஓட்டுநர் ஒருவரின் மகளான நவநீதம் பிள்ளை 1967இல் நேட்டாலில் சொந்தச் சட்ட அலுவலகம் திறந்த முதல் வெள்ளையரல்லாத பெண் ஆனார். எந்த அலுவலகமும் அவரை வேலைக்கு வைக்கத் தயாராக இல்லாததே அதற்குக் காரணம். பின்னாளில் ஐக்கிய நாடுகளின் மனித உரிமை ஆணையராக ஆனதை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அந்த முதல் ஆண்டின் கணக்குப் புத்தகத்தைப் பார்க்கத்தான் ஆசை. கேட்ட பெண்ணுக்கு என் பதில்: தெரியாதவர்களிடம் முன்பணம் கேட்பது எளிது, அந்த அளவில் நீங்கள் இந்தத் தம்பியைவிட நல்ல இடத்தில் இருக்கிறீர்கள்.

2025 ஏப்ரல் 21

பெரிய வெள்ளிக்கிழமை இசிபிங்கோ மாரியம்மன் கோயிலில் மூன்று கட்சிக்காரர்கள் என்னை நிறுத்தி வழக்கைப் பற்றிக் கேட்டார்கள். மூவருக்கும், செவ்வாய்க்கிழமை அலுவலகத்துக்கு அழையுங்கள் என்பதே பதில். கோயிலில் சொல்லப்படும் ஆலோசனைக்குக் கோப்பில் குறிப்பு இருக்காது, ஆனால் கேட்டவருக்கு அது நன்றாக நினைவிருக்கும்.

கேள்வி கேட்ட தம்பி பயிற்சியில் சேர்ந்துவிட்டதாக எழுதியிருக்கிறார், நல்லது. காய்ச்சலில் படுத்தால் யார் அலுவலகத்தைப் பார்ப்பது என்று கேட்கிறார். அருகில் இருக்கும் இன்னொரு தனி அட்டர்னியோடு எழுத்தில் ஓர் உடன்பாடு செய்துகொள்ளுங்கள்: அவர் இல்லாதபோது நீங்கள், நீங்கள் இல்லாதபோது அவர். நீதிமன்ற நாள்களும் காலவரம்புத் தேதிகளும் அடங்கிய பட்டியல் அவரிடமும் இருக்க வேண்டும், கட்சிக்காரரின் பொறுப்பேற்புக் கடிதத்தில் இதற்கு ஒப்புதலும் இருக்க வேண்டும். திடீரென்று ஒருவர் இறந்துவிட்டால் டிரஸ்ட் கணக்கை நிர்வகிக்க வேறொருவர் நியமிக்கப்பட வேண்டும்; அதுவரை கட்சிக்காரர்களின் பணம் நகராது. யார் பொறுப்பேற்கத் தகுந்தவர் என்று உங்கள் உயிலோடு ஒரு கடிதம் வைத்துவிட்டால் உங்கள் குடும்பத்துக்கு அந்தத் திண்டாட்டம் குறையும்.

காகிதக் கோப்புகள் ஒரே அறையில் மட்டும் இருப்பது போதுமா என்பது அவருடைய கடைசிக் கேள்வி. 2021 ஜூலைக் கலவரத்திலும் 2022 ஏப்ரல் வெள்ளத்திலும் இந்த நகரத்தில் எத்தனை அறைகள் எரிந்தன, எத்தனை நனைந்தன என்பதைப் பார்த்தவர்கள் இதைக் கேட்க மாட்டார்கள். மூல உயில்களும் சொத்துப் பத்திரங்களும் தீப்பிடிக்காத பெட்டகத்தில் இருக்க வேண்டும். மற்றவை வந்த அன்றே ஸ்கேன் செய்யப்பட்டு, கடவுச்சொல் பூட்டோடு வேறோர் இடத்தில் நகலாக இருக்க வேண்டும். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு பழைய கோப்பை அந்த நகலிலிருந்து திறந்து பாருங்கள், திறக்கிறதா என்று. முடிந்த கோப்புகளையும் ஏழு ஆண்டு வைத்திருக்க வேண்டியிருப்பதால், கடைக்கு மேலே இருக்கும் அறை அதற்குப் போதாது. வாடகைக் கிடங்கு எடுத்தால் அங்கேயும் பூட்டுச் சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.